அட்டை போன புஸ்தகம்

சுமார் நாற்பது வருஷங்களுக்கு முன் நாம் படித்த ஒரு புஸ்தகத்தைச் சில மாதங்களாகத் தேடி வருகிறோம். அதன் பெயர் நினைவில்லை; எழுதியவர் பெயரும் நினைவில்லை. வெண்பனி மூடிய காடு, புகை எழும் மரவீடு, வாயிலில் சிவப்புக் கம்பளிக் குல்லாயுடன் ஒரு சிறுமி, இவ்வளவே ஞாபகத்தில் நிற்பவை. குல்லாய் சிவப்பன்று, நீலமே என்று நம் தமக்கையார் சாதிக்கிறார். இத்தகைய சாட்சியத்தை எந்த நியாயஸ்தலமும் ஏற்காது என்பதை வக்கீல் தொழில் பயின்ற நாம் அறியாமலில்லை. இரண்டு புஸ்தகங்களை நம் மனம் ஒன்றாக்கிவிட்டதோ என்ற சந்தேகமும் உண்டு.

ஒன்று மட்டும் நிச்சயம். அது சோவியத் ருஷ்யாவில் தமிழிலேயே அச்சாகி வந்த புஸ்தகம். மாஸ்கோவிலிருந்த முன்னேற்றப் பதிப்பகமும், 1982-ல் அதினின்று பிரிந்த ராதுகா பதிப்பகமும் அத்தகைய நூல்களை வெளியிட்டன; நியூ செஞ்சுரி புக் ஹவுஸார் அவற்றை இங்கே விற்றனர். விலையோ சொற்பம், வர்ணச் சித்திரங்களோ ஏராளம். உறைபனியைக் கண்ணால் கண்டிராத தமிழ்க் குழந்தைகள் அதன் குளிரை அப்பக்கங்களில் உணர்ந்தனர். 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. அந்த வரவும் நின்றது. நம் பிரதி அதற்கு முன்பே, வீடு மாறியபோது, பழைய காகிதத்தோடு எடைக்குப் போயிற்று.

புஸ்தகசாலையில் தேடலாமே என்று அன்பர்கள் கேட்கலாம். சங்கடமே அங்கேதான். அட்டவணை, நூலின் பெயரையும் ஆசிரியரையும் கேட்கிறது. குழந்தையோ படத்தைத்தான் நினைவில் கொள்கிறது. சித்திரக்காரர் பெயரைப் பல அட்டவணைகள் குறிப்பதேயில்லை.

சட்டமும் துணைக்கு வரவில்லை. 1954-ம் வருஷத்துப் புஸ்தக ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் கல்கத்தா தேசியப் புஸ்தகசாலைக்கு ஒரு பிரதியும், சென்னைக் கன்னிமரா உள்ளிட்ட வேறு மூன்று சாலைகளுக்கு ஒவ்வொரு பிரதியும் பிரசுரகர்த்தர் அனுப்ப வேண்டும். மாஸ்கோவில் வெளியான நூலுக்கு இது செல்லாது. தமிழ் நூலாயிருந்தும், தமிழ்நாட்டுக் களஞ்சியத்தில் அதற்குச் சட்டப்படி இடமில்லாமற் போயிற்று.

குழந்தைப் புஸ்தகம் கிழிபடவே பிறந்தது என்று பெரியோர் அலட்சியம் செய்கின்றனர். குழந்தைகள் மிகவும் நேசித்த பிரதியே முதலில் கிழிகிறது. ஆகவே அதுவே முதலில் மறைகிறது. மனிதனின் முதற் கல்வி இவ்விதம் அடையாளமின்றி அழிவது நமக்குச் சம்மதமன்று.

நாம் கோருவது பெரிதன்று. அட்டை போனதாயினும் பழைய சிறுவர் நூல்களைப் புஸ்தகசாலைகள் நன்கொடையாக ஏற்க வேண்டும். சித்திரக்காரர் பெயரையும், படங்களைப் பற்றி இரண்டு வரிகளையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். நேயர்களும் தத்தம் வீட்டுப் பரணை ஒருமுறை பார்க்கக் கோருகிறோம். அங்கே அந்தச் சிறுமி அகப்பட்டால் நமக்குத் தெரிவியுங்கள். குல்லாய் நீலமேயாயினும் தோல்வியை ஒப்புக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்.