மூன்றாம் வாரம்

மலையகத்து லயத்தின் அமைப்பே தீக்குத் துணைபோவது. ஒரே கூரையாதலின், ஓர் அறையிற் பற்றிய நெருப்பு வரிசை முழுவதையும் விழுங்குகின்றது.

றொசல்லயில் ஆசிரியத் தொழில் புரியும் யான், தீயால் வீடிழந்தோர் பாடசாலை மண்டபத்தில் உறங்கக் கண்டவன். முதல் வாரம் அரிசியும் ஆடையும் குவியும். மூன்றாம் வாரம் எவரும் வாரார். தீயாயினும் மண்சரிவாயினும் நிலை இதுவே. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண்சரிந்தது; மாற்று வீடுகள் கைக்கெட்டியது 2016இல்.

இவ்விடைக்காலத்தைத் தாங்குவோர் யார்? பண்டைக் கங்காணித் தலைமை துரைக்குக் கட்டுப்பட்டது. இன்று வேண்டுவது, கொழுந்தெடுக்கும் பெண்களும் கோயிற் சபையாரும் ஆசிரியரும் ஒருங்கமரும் குழு. அது கேட்கவேண்டியது பழைய லயத்துக்குப் புதுத் தகரமன்று, தனிவீடும் காணியுறுதியுமே.

ஆசிரிய அன்பர்களே, விண்ணப்பம் எழுதப் பழகிய கை நம்முடையது. மூன்றாம் வாரத்தில் அதனை எழுதுவோம்.