கைப்பேசியும் பள்ளி வாயிலும்

மாணாக்கர் கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுவரலாமோ என்னும் வினா இந்நாளில் வீடுதோறும் எழுகின்றது. அதனை முற்றும் விலக்குக என்பார் ஒருசாரார். விலக்கற்க என்பார் மற்றொருசாரார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியொன்றுண்டு என்பதே எம் கருத்து.

விலக்குவோர் கூற்றில் உண்மையுண்டு. ஆசிரியர் பாடம் நடத்துங்கால் மேசையின்கீழ் விரலோட்டுவானது உடல் வகுப்பிலிருப்பினும் உள்ளம் ஆண்டிராது. பிரான்சு தேசத்தார் 2018-ஆம் ஆண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் கைப்பேசியை விலக்கிச் சட்டமியற்றினர். நம் மாநிலத்தில், மாணாக்கரிடைச் சாதிப் பூசலைக் களையும் வகையை ஆராய்ந்த நீதியரசர் சந்துரு குழுவும், 2024-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில் பள்ளியில் அதனைத் தடைசெய்யுமாறு பரிந்துரைத்தது.

ஆயினும், ‘கொண்டுவாராதே’ என்னும் ஒருசொல் போதுமோ? தில்லை நகரின் குறுக்குத் தெருக்களை மாலைப்பொழுதிற் காண்மின். பள்ளி விட்டதும் தனிப்பயிற்சிக்கு விரையும் பிள்ளைகள் எத்துணையர்! திருவரங்கத்திலிருந்தோ இலால்குடியிலிருந்தோ வந்த பெண், இருட்டியபின் பேருந்திலேறி, ‘அம்மா, வந்துகொண்டிருக்கின்றேன்’ என வீட்டிற்கு அறிவிப்பது அக்கருவியாலன்றோ? அவளுக்கு அது விளையாட்டன்று, காவல். மேலும், 2020-ஆம் ஆண்டிற் பெருந்தொற்றாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, கடன்பட்டும் கைப்பேசி வாங்கிக்கொடுத்த பெற்றோர் பலர். இன்றும் வீட்டுப்பாடத்தை வாட்ஸப் வழியே அனுப்பும் பள்ளிகள் உள. மாலையில் வேண்டுமென்பதைக் காலையிற் குற்றமென்றல் முறையாமோ?

தில்லி உயர்நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டில், முழுத்தடை விரும்பத்தக்கதுமன்று, நடைமுறைக்கு ஏற்றதுமன்று என்றும், இயலுமிடத்துக் கைப்பேசிகளைப் பள்ளியிற் புகும்போது வாங்கிவைத்துத் திரும்புங்கால் அளிக்கலாம் என்றும் நெறிவகுத்தது. இதுவே எமக்கும் உடன்பாடு.

வாயிலிற் பூட்டுடைய நிலைப்பேழையொன்று வைத்து, காலையிற் பெற்று மாலையில் தவறாது கொடுக்க. இடையில் வீட்டாரோடு பேச வேண்டுவார்க்கு அலுவலகத் தொலைபேசி உதவுக. வீட்டுப்பாடம் கரும்பலகையில் எழுதப்படுக. எல்லாவற்றிற்கும் மேலாக, ஆசிரியரும் தம் கைப்பேசியை வகுப்பிற்கு வெளியே வைத்துவருக; தாம் ஒழுகாத விதியைப் பிறர்க்கு விதித்தல் பயன்தராது. பறித்து மாதக்கணக்கிற் பூட்டிவைத்தல் தண்டமாகுமேயன்றிக் கல்வியாகாது.

பேழைக்குப் பொருள் வேண்டுமே, காவலுக்கு ஆள் வேண்டுமே என்பாருமுளர். உண்மையே. அச்சிறு செலவைப் பள்ளிகள் ஏற்காவிடின், அதன் சுமை முழுதும் இருட்டில் தனித்து நிற்கும் பிள்ளையின் தலைமேல் விழும்.

தமிழ் பயிலும் நம்முட் பலர் நாளை ஆசிரியராதற்குரியர். வகுப்பிற் புகுமுன் நம் கைப்பேசியை நாமே முதற்கண் பேழையிலிடுவோமாக.