அஞ்சறைப் பெட்டியில் மாத்திரை எதற்கு?

"டாக்டர், தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. தினம் ஒரு மாத்திரை போட்டாத்தான் அடுப்படிக்கே போக முடியுது" என்று சொல்லிக்கொண்டு வரும் இல்லத்தரசிகள் பலர். நான் முதலில் கேட்பது, "காலையில எப்போ சாப்பிடுவீங்க?" என்றுதான். "பிள்ளைங்க ஸ்கூல் போனப்புறம் பதினோரு மணி ஆயிடும். அதுவரைக்கும் காபிதான்!"

கோளாறே அங்கேதான். பட்டினியும் அரைத் தூக்கமும் தலைவலியைக் கூட்டி வரும். மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் வலி மாத்திரை விழுங்கி, அதுவே 3 மாதத்தைத் தாண்டினால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொடுக்கும். அலோபதி மருத்துவமும் இதைத்தான் சொல்கிறது. மாத்திரையை டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். காபியைப் படிப்படியாகக் குறையுங்கள். சட்டென்று விட்டால் அதற்கும் தலை வலிக்கும். வலி வந்தால் சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டு, வெளிச்சமில்லாத அறையில் கண்ணை மூடிப் படுங்கள்.

திடீரென மண்டையைப் பிளக்கும் வலி, பார்வை மங்கல், கை கால் மரத்துப்போதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் சுக்கைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: காலை எட்டு மணிக்கு நீங்கள் சாப்பிட உட்காரும்போது, அவருக்கும் ஒரு தட்டு வையுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.