தாயைப் போல பிள்ளை... எந்தத் தாய்?

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு நாய்க்குட்டிகள். ஒன்று வருவோர் போவோர் காலையெல்லாம் நக்குகிறது. இன்னொன்று கிட்டப் போனாலே உறுமுகிறது. ‘எல்லாம் வளர்ப்பு’ என்பார் ஒருவர். ‘இல்லை, பிறவிக் குணம்’ என்பார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இதற்கு ரஷ்ய நரிகள் பதில் சொல்லியிருக்கின்றன.

1959-ல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரைச் சேர்ந்த மரபியல் விஞ்ஞானி திமித்ரி பெல்யாயெவ், இளம் ஆய்வாளர் லுட்மிலா ட்ரூட்டுடன் ஒரு சோதனையைத் தொடங்கினார். ரோமத்துக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்பட்ட வெள்ளி நரிகளில், மனிதரைக் கண்டு மிரளாத, கடிக்க வராத நரிகளை மட்டும் இணைசேர்த்தார்கள். பயிற்சி எதுவும் கிடையாது. ஆனாலும் நான்காம் தலைமுறையிலேயே சில குட்டிகள் மனிதரைப் பார்த்து வாலாட்டின!

பிறகு, மூர்க்கமான நரிகளை மட்டும் இணைசேர்த்து இன்னொரு வம்சத்தையும் உருவாக்கினார்கள். சாதுத் தாயின் கருவை மூர்க்கத் தாயின் வயிற்றிலும், மூர்க்கத் தாயின் கருவைச் சாதுத் தாயின் வயிற்றிலும் மாற்றி வைத்தார்கள். குட்டிகள் யாரைப் போல வளர்ந்தன தெரியுமா? சுமந்து பாலூட்டிய தாயைப் போல அல்ல. மரபணு தந்த தாயைப் போல!

மரபணு எப்படிக் குணமாகிறது? மூளையின் ரசாயனம் வழியாக. சாது நரிகளின் மூளையில் செரோட்டோனின் அதிகம். வெறியோடு பாய்வதைத் தடுக்கும் பிரேக் மாதிரி அது. ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனும் குறைவு. சாதாரண நரிக்குட்டிக்கு 6 வாரத்திலேயே புதியவற்றைக் கண்டு பயம் வந்துவிடும். சாதுக் குட்டிக்கோ 9 வாரம் ஆகும். கூடுதலாகக் கிடைக்கும் அந்த மூன்று வாரங்களில் அது மனிதரோடு பழகிவிடுகிறது.

அப்படியானால் வளர்ப்புக்கு வேலையே இல்லையா? நிறையவே இருக்கிறது. இந்த நரிகள் பல தலைமுறைகளாகப் பொறுக்கியெடுத்த இரண்டு கோடிகள். நம் வீட்டு நாய் நடுவில் எங்கோ இருக்கிறது. நாய்க்குட்டிக்கும் பழகும் பருவம் உண்டு: மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை. அந்த நாட்களில் அன்பான கைகளையும், விதவிதமான முகங்களையும், வீட்டுச் சத்தங்களையும் அதற்குப் பழக்கப்படுத்துங்கள்.

உறுமும் குட்டியை மட்டும் அடிக்காதீர்கள். பெரும்பாலும் அந்த உறுமலுக்குப் பின்னால் இருப்பது பயம்தான். அடித்தால் அந்தப் பயம் இன்னும் கூடும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அது தானாக நெருங்கி வரும் வரை காத்திருங்கள். தன் குணத்தை அது கேட்டு வாங்கிக்கொண்டு பிறக்கவில்லையே!