காலேஜை விட்டுட்டு லீக்குக்குப் போகலாமா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளைப் பெற்ற இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், இப்போ சம்பளம் குடுக்குற லீக் வந்துடுச்சே. பையன் எதுக்கு மூணு வருஷம் காலேஜுக்குச் சும்மா ஆடணும்?"

ஆடிக் காசு வாங்கட்டும், அது அவன் உழைப்பு. காலேஜை விட்டுவிட்டு வாங்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

பிரின்ஸ்பால் சிங்கை உதாரணம் காட்டுகிறார்கள். பஞ்சாப் பையன். 2020இல் அமெரிக்காவின் ஜி லீக் இக்னைட் அணியில் சேர்ந்தார். பள்ளி முடித்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போகாமலே சம்பளத்துக்கு ஆடுவதற்கென்று தொடங்கிய அணி அது. 2024இல் அந்த அணியையே மூடிவிட்டார்கள். 2021 முதல் அங்கே கல்லூரி ஆட்டக்காரர்களும் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றாகிவிட்டது. 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். பணம் கல்லூரிக்குள்ளேயே வந்த பிறகு வெளியே போக ஆள் ஏது?

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2015இல் யூபிஏ லீக் வந்தது. 'சென்னை ஸ்லாம்' என்று நமக்கும் ஓர் அணி, டிவியில் எல்லாம் காட்டினார்கள். 2017க்குப் பிறகு அந்த லீக் இல்லை. 2022இல் ஐஎன்பிஎல் வந்தது, நம்ம சென்னை ஹீட் ஜெயித்தபோது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வருஷம் பூராவுமா ஆட்டம் நடக்கிறது? மீதி மாதங்களுக்கு யார் சோறு போடுவது?

ரயில்வே வேலையைப் பற்றிக் கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்ஸ் வண்டிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவர்கள் நாம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில்கூட லெவல் 4, 5 வேலைக்கு டிகிரி வேண்டும். தேசியப் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிச் சான்றிதழ்களைக் கேட்பார்கள். காலேஜில் பெயர் இல்லாதவன் பல்கலைக்கழக அணியில் எப்படி ஆடுவான்?

அதற்காகக் காலேஜ்காரர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று சொல்ல மாட்டேன். என் மாணவன் ஒருவன் கோட்டாவில் சேர்ந்தான். (காலேஜ் பெயர் வேண்டாம்.) முட்டி ஜவ்வு கிழிந்தது. அடுத்த வருஷமே முழு ஃபீஸைக் கட்டு என்றார்கள். அவன் அப்பா ஹார்பரில் கூலி, அம்மா தாலியை அடகு வைத்துக் கட்டினார்கள். மூன்று வருஷம் கோப்பை வாங்கித் தருகிறவனுக்கு அடிபட்டால் அவன் வேண்டாதவனா? இது என்ன நியாயம்?

ஆகவே சீட் வாங்கும்போதே, காயம் பட்டாலும் படிப்பு முடியும்வரை சலுகை உண்டு என்று எழுதி வாங்குங்கள். தர மாட்டோம் என்றால் வேறு காலேஜ் பாருங்கள். லீக்காரர்கள் வந்தால், பணம் எந்தத் தேதியில் வரும், அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, பரீட்சைக்கு லீவு உண்டா என்று கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

இங்கிலீஷில் இருக்கிறதே என்று கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பேப்பரை எடுத்துக்கொண்டு பையனோடு வீட்டுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன், உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கலாம்.