எடிட்டிங் நடுவுல அணைஞ்சு போற கம்ப்யூட்டரும் எங்க ஊரு த்ரீ பேஸ் கரண்டும்

நவரை அறுப்பு முடிஞ்சு, நெல்லு மூட்டை போட்டு, வைக்கோல் போரும் போட்டாச்சு. இப்பதான் உக்காந்து எழுத நேரம் கிடைச்சது. ஏரி மதகு பத்தின வீடியோ வருது வருதுன்னு சொல்லிட்டு ஏன் போடலைன்னு நாலஞ்சு பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கு பதில் சொல்லத்தான் இது. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

என்கிட்ட இருக்கிறது ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்டா வாங்கின ஒரு மேஜை கம்ப்யூட்டர். 4 ஜிபி ரேம். பெட்டிக்கு வயசு என் கறவை மாட்டை விட அதிகம். இதுல நாத்து விடுறது, சேடை ஓட்டுறது, கடலைக்கு மண் அணைக்கிறதுன்னு போன்ல எடுத்ததை வெட்டி ஒட்டுவேன். ஒரு மணி நேரம் மெனக்கெட்டு நல்ல இடமா பார்த்து கோர்த்து வெச்சிருப்பேன். பொசுக்குன்னு திரை கருப்பாயிடும். இல்லேன்னா நீலமாயி இங்கிலீஷ்ல என்னமோ எழுதிக் காட்டும். இல்லேன்னா எடிட்டிங் சாப்ட்வேர் மட்டும் காணாம போயிடும், பின்னாடி வெச்ச சாமி படம் மட்டும் நம்மளை பார்த்துக்கிட்டு இருக்கும்.

யாரை கேட்டாலும் ஒரே பதில்தான். "அண்ணே, இது பழசு, புதுசு வாங்கிடுங்க." எடிட்டிங்குக்கு ஆகிற புது கம்ப்யூட்டர் எழுபதாயிரம், எண்பதாயிரம் சொல்றாங்க. ஒரு ஏக்கர் நெல்லுல செலவு போக கையில நிக்கிறது என்னன்னு விவசாயம் பண்றவங்களுக்கு தெரியும். என் அபிப்பிராயம், காரணம் தெரியாம புதுசு வாங்குறது, மாடு ஏன் தீனி எடுக்கலைன்னு பார்க்காம வேற மாடு வாங்குற மாதிரி. புதுசும் அதே கொட்டாயிலதானே கட்டப்போறோம்?

கம்ப்யூட்டர் நிக்கிறதுல மூணு விதம் இருக்குன்னு எனக்கு புரியவே ஒரு வருஷம் ஆச்சு. விளக்கு அணைஞ்ச மாதிரி மொத்தமா அணைஞ்சா பெரும்பாலும் கரண்டு, இல்லேன்னா சூடு. நீலத் திரை வந்தா ரேம், ஹார்ட் டிஸ்க், டிரைவர் இதுல ஏதோ ஒண்ணு. சாப்ட்வேர் மட்டும் மூடிக்கிச்சுன்னா நம்ம வீடியோ பைலோ, சாப்ட்வேரோ, ரேம் பத்தாததோ. எனக்கு அதிகம் வந்தது முதல் விதம்.

விண்டோஸ்ல ஈவென்ட் வியூவர்னு ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டரோட நாட்குறிப்பு மாதிரி. அதுல திரும்ப திரும்ப 41ன்னு ஒரு நம்பர் இருந்தது. முறையா மூடாம திடீர்னு நின்னு மறுபடி எழுந்திருக்குன்னு அர்த்தம். ஏன் நின்னதுன்னு அது சொல்லாது. சரின்னு, சுவத்துல தொங்குற தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாளு பின்னாடி, எத்தனை மணிக்கு நின்னுச்சுன்னு ஒரு மாசம் எழுதி வெச்சேன். வீட்டுக்காரம்மா, "கறவை கணக்கு கூட இவ்வளவு ஒழுங்கா எழுதினதில்ல"ன்னு சிரிச்சாங்க. மாச கடைசியில தாளை எல்லாம் பரப்பி பார்த்தா, பதினாலுல ஒன்பது, த்ரீ பேஸ் கரண்டு வர்ற நேரம்!

விஷயம் என்னன்னா, விவசாயத்துக்கு த்ரீ பேஸ் நாள் பூரா வர்றதில்ல. வர்ற நேரம் ராத்திரியா பகலான்னு பார்த்துக்கிட்டு கழனிக்கு ஓட முடியாதுன்னு எல்லாரும் மோட்டார் கொட்டாயில ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிட்டோம். கரண்டு வந்ததும் மோட்டார் தானா ஓடும். மோட்டார் கிளம்புற அந்த சில நொடி, ஓடுறப்ப இழுக்கிறதை விட அஞ்சாறு மடங்கு கரண்டு இழுக்கும். ஒரு டிரான்ஸ்பார்மர்ல பத்து மோட்டார் இருந்து பத்தும் ஒரே நொடியில கிளம்பினா என்ன ஆகும்? அதே டிரான்ஸ்பார்மர்ல இருக்கிற வீட்டு லைட்டு ஒரு தடவை கண்ணை மூடி திறக்கும். நமக்கு அது ஒண்ணும் தெரியாது. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியால அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியாது, அதுவும் பழசாயிடுச்சுன்னா கேக்கவே வேணாம். அணைஞ்சிடும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, தப்பிச்சுக்கும்.

அந்த பத்து மோட்டார்ல ஒண்ணு என்னுது. 5 எச்பி. என் கழனிக்கு தண்ணி பாய்ச்ச நானே மாட்டின ஸ்டார்ட்டர் என் கம்ப்யூட்டரை அணைச்சிருக்கு. இதுக்கு நான் ரிச்சி தெரு கடைக்காரரை ரெண்டு வருஷம் திட்டியிருக்கேன்.

ஸ்டெபிலைசர் வாங்குங்கன்னு ஒருத்தர் சொல்லி அதையும் வாங்கினேன். பிரயோஜனமில்ல. வோல்டேஜ் ரொம்ப நேரம் ஏறி இறங்குறதுக்குதான் அது சரி. கண் சிமிட்டுற நேரத்து பள்ளத்தை அது நிரப்பறதுக்குள்ள கம்ப்யூட்டர் அணைஞ்சிருக்கும். வேண்டியது யூபிஎஸ். அதுல பேட்டரி இருக்கிறதால கரண்டு சறுக்கினாலும் தாங்கும், மொத்தமா போனாலும் பத்து நிமிஷம் ஓடும். சேவ் பண்ணிட்டு முறையா அணைக்கலாம். மூவாயிரத்து சொச்சம் ஆச்சு. எண்பதாயிரத்துக்கு பதிலா மூவாயிரம். ஆனா ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரி மாத்தணும், அதை யாரும் வாங்குறப்ப சொல்ல மாட்டாங்க. ஸ்டார்ட்டர்ல டைமர் வெச்சு மூணு நிமிஷம் தள்ளி கிளம்புற மாதிரியும் பண்ணிட்டேன். பக்கத்து கழனிக்காரங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க, ஒருத்தருக்கு ஒரு நிமிஷம், ஒருத்தருக்கு ரெண்டு. இன்னொருத்தர் மட்டும், "உன் சினிமாவுக்கு என் பயிரு காயணுமா?"ன்னு கேட்டார். மூணு நிமிஷத்துல எந்த பயிரும் காயாது. ஆனா அவர்கிட்ட வாக்குவாதம் பண்ற தைரியம் இந்த ஊர்ல யாருக்கும் கிடையாது.

அடுத்தது சூடு. நம்ம திருவள்ளூர் பக்கத்து சித்திரை வெயிலும் தலைக்கு மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் உங்களுக்கு தெரியாததில்ல. வீடியோவை கடைசியா ஒரே பைலா மாத்துறப்ப, எக்ஸ்போர்ட்டுன்னு சொல்றோமே, அப்பதான் பிராசஸர் முழு மூச்சா உழைக்கும். சூடு 100 டிகிரி செல்சியஸ் கிட்ட போச்சுன்னா அது தன்னை காப்பாத்திக்க தானே அணைஞ்சுக்கும். பெட்டியை திறந்து பார்த்தேன். நெல்லு தூசும் உமியும் அடைச்சு காத்தாடியே தெரியல, எஸ்எம்பிஎஸ் பக்கத்துல ஒரு பல்லி காஞ்சு கிடந்தது. பிளக்கை பிடுங்கிட்டு, காத்தாடி சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு, மெதுவா ஊதி எடுத்தேன். எக்ஸ்போர்ட் இப்ப விடியக்காலை நாலு மணிக்குதான். அந்த நேரம் நானும் முழிச்சிருப்பேன், கரண்டும் சீரா இருக்கும்.

சுமை பத்தி சுருக்கமா சொல்லிடறேன். போன்ல 4கே வெச்சு எடுத்தா ஒரு நிமிஷத்துக்கு சுமார் 350 எம்பி. 1080ல எடுத்தா 130 எம்பி சொச்சம். நம்ம வீடியோ பார்க்கிறவங்க கையளவு போன்ல பார்க்கிறாங்க, நாத்து நடுறதுக்கு 4கே எதுக்கு? இன்னொண்ணு, போன்ல எடுக்கிற படம் நொடிக்கு இத்தனை பிரேம்னு ஒரே சீரா இருக்காது, கூடும் குறையும். எடிட்டிங்ல சத்தம் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் போறதுக்கும் அது ஒரு காரணம். நான் வெச்சிருக்கிற ஷாட்கட் இலவசம்தான். அப்படிப்பட்ட பைலை உள்ள விட்டா அதுவே மாத்திக்கட்டுமான்னு கேக்கும், மாத்திடுங்க. ப்ராக்ஸின்னு ஒரு வசதியும் இருக்கு. சின்ன நகலை வெச்சு வெட்டி ஒட்டிட்டு, கடைசியில பெரிய பைலுக்கு மாத்திக்கும். இது ரெண்டும் பண்ணதுக்கப்புறம் சாப்ட்வேர் மூடிக்கிறது ரொம்ப குறைஞ்சிடுச்சு.

இதெல்லாம் நான் கத்துக்கிட்டது, கத்துக்க வேண்டிய நேரம் போனதுக்கு அப்புறம்.

எங்க ஏரிக்கு நீர்க்கட்டியா இருந்த பெரியவர் ஒருத்தரை, தை மாசம் கரை மேல உக்கார வெச்சு 48 நிமிஷம் பேச விட்டு எடுத்தேன். அவருக்கு எண்பதை தாண்டின வயசு. தலை மதகுல எந்த கழனிக்கு எத்தனை நாழி தண்ணி, கடை மதகுக்காரனுக்கு தண்ணி எட்டலைன்னா பஞ்சாயத்து எப்படி, கலங்கல் ஓடுற வருஷம் என்ன பண்ணுவாங்க, எந்த வாய்க்கால் இப்ப எந்த பிளாட்டுக்கு கீழ போயிடுச்சு, எல்லாத்தையும் கை நீட்டி காட்டிக்கிட்டே சொன்னார். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன்ல இருந்து வேப்பம்பட்டு வரைக்கும் ரயில்ல போய் பாருங்க, கழனி இருந்த இடமெல்லாம் கல் நட்டிருக்கும். வாய்க்கால் எங்க போச்சுன்னு புலப்படத்துல தேடி எடுத்துடலாம். யாருக்கு எத்தனை நாழி தண்ணிங்கிற முறை அந்தப் படத்துல கிடையாது. அது அவர் தலையில இருந்தது.

4கேல எடுத்ததால பதினேழு ஜிபி. போன்ல இடமில்ல. கம்ப்யூட்டருக்கு மாத்தினேன். காப்பி இல்லீங்க, கட். அதுக்கப்புறம் எடிட் பண்ண உக்காந்த பத்து நாள்ல எத்தனை தடவை அணைஞ்சதோ. பொதுவா எடிட்டிங் நடுவுல நின்னா அசல் பைலுக்கு ஒண்ணும் ஆகாது, நம்ம வெட்டி ஒட்டின வேலைதான் போகும். ஆனா ஏற்கனவே கிழடான ஹார்ட் டிஸ்க், எழுதிக்கிட்டு இருக்கிறப்பவே திரும்ப திரும்ப கரண்டு போனா எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் டிக் டிக்குன்னு சத்தம் வந்தது. அதோட சரி. திருவள்ளூர்ல காட்டினேன். மெட்ராஸ்ல திறந்து பார்ப்பாங்க, இருபதாயிரம் ஆகும், வரும்னு உறுதி சொல்ல முடியாதுன்னாங்க. விதை, உரம் வாங்குற நேரம் அது. டிஸ்க்கை துணியில சுத்தி பீரோவுல வெச்சேன்.

மறுபடி எடுத்துக்கலாம்னு நினைச்சேன். "இன்னாப்பா, அன்னைக்கு அவ்ளோ சொன்னேனே, போதலையா?"ன்னு சிரிச்சார். வெயில் தாழ்ந்ததும் வரேன்னேன். பங்குனியில போய் சேர்ந்துட்டார்.

இப்ப என் அபிப்பிராயம் இதுதான். கம்ப்யூட்டர் நிக்கிறது பெரிய விஷயமே இல்ல. எல்லாருக்கும் நிக்கும். 1998ல அமெரிக்காவுல பிக்ஸார் கம்பெனி டாய் ஸ்டோரி இரண்டாம் பாகம் எடுத்துக்கிட்டு இருந்தப்ப, யாரோ தவறுதலா குடுத்த ஒரு கட்டளையில படத்தோட பெரும்பகுதி அழிஞ்சு போச்சு. பேக்கப் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, பார்த்தா அது ஒழுங்கா வேலையே செய்யல. கேலின் சஸ்மன்னு அங்க வேலை பார்த்த அம்மா, கைக்குழந்தை இருந்ததால வீட்டுல இருந்தே வேலை செய்ய ஒரு நகல் வெச்சிருந்தாங்க. அந்த கம்ப்யூட்டரை போர்வையில சுத்தி கார்ல கொண்டு வந்து படத்தை மீட்டாங்க. அவ்வளவு பெரிய கம்பெனியை காப்பாத்தினது வேற வீட்டுல இருந்த இன்னொரு நகல்.

நம்ம ஆளுங்களுக்கு இது தெரியாததா? உ.வே.சா. ஐயா சிந்தாமணியை 1887லயும் புறநானூறை 1894லயும் பதிப்பிச்சாரே, ஒரே நூலுக்கு ஊர் ஊரா சுவடி தேடி ஒப்பிட்டுதான் பண்ணினார். ஒரு வீட்டுல செல்லரிச்ச ஏடு இன்னொரு வீட்டுல முழுசா இருந்ததாலதான் அது முடிஞ்சது. நாமளும் விதை நெல்லை பூரா ஒரே குதிர்ல கொட்டுறதில்ல. சம்பந்தி வீட்டுலயும் கொஞ்சம் இருக்கும். அந்த புத்தி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா மட்டும் எங்க போயிடுது? எனக்கு கோபம் டிஸ்க்கு மேல இல்ல, 'கட்' குடுத்த என் கை மேலதான். 48 நிமிஷத்தை இன்னொரு இடத்துல வெக்க ஒரு பென் டிரைவ் போதும். நான் வாங்கின அந்த வேலைக்காகாத ஸ்டெபிலைசரை விட விலை கம்மி.

இப்ப ஒவ்வொண்ணும் மூணு இடத்துல இருக்கு. கம்ப்யூட்டர், வெளியில மாட்டுற டிஸ்க், அம்பத்தூர்ல பொண்ணு வீட்டுல ஒரு பென் டிரைவ். ரெண்டு இடத்துல இருக்கிறதை ஓட்டி பார்த்த பிறகுதான் போன்ல அழிக்கிறேன். பொண்ணு, "என்னப்பா, சொத்து பத்திரம் மாதிரி குடுத்தனுப்புறீங்க"ன்னு கிண்டல் பண்றா.

பெரியவர் பேசினதுல மிச்சம் இருக்கிறது மூணு நிமிஷம். அன்னைக்கே மச்சானுக்கு வாட்ஸ்அப்புல வெட்டி அனுப்பினது. மங்கலா இருக்கு. நடு மதகு கழனிங்களை ஒவ்வொண்ணா பேர் சொல்லிக்கிட்டு வர்றார், நாலாவது கழனிக்கு கை நீட்டுறப்ப நின்னுடுது. அதை அப்படியே போடப்போறேன், எடிட் பண்ண அதுல ஒண்ணும் இல்ல.

இதை படிக்கிற நம்ம ஊர்க்காரங்க, பக்கத்து ஊர்க்காரங்க யாராவது, கூழ் ஊத்துறப்பவோ, கல்யாணத்துலயோ, நூறு நாள் வேலையில ஏரி வெட்டுறப்பவோ, அவர் பேசினதை போன்ல எடுத்திருந்தா தயவு செஞ்சு சொல்லுங்க. ரெண்டு நிமிஷமா இருந்தாலும் பரவாயில்ல. நானே டிஸ்க்கை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்து காப்பி பண்ணிக்கிறேன்.