சாம்புவும் நமது கோபாலன்களும்

தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை ரசித்தேன் என்று நம் வட்டத்தில் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, வணிகப் பத்திரிகைச் சரக்கு என்ற உதட்டுச் சுழிப்பு. இது பரவாயில்லை. மற்றது, "ஒருவகையில் அது சமூக அங்கதம்" என்ற சான்றிதழ். சிரித்ததை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு, சிரிப்புக்குக் கோட்டு மாட்டிவிட்டு உள்ளே அழைத்துவருகிற காரியம். இந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

ஓட்டப்பிடாரத்தில் வங்கிக் கவுண்டருக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சாம்பு மீது சாதிப்பாசம் மாதிரி ஒன்று உண்டு. அவரும் வங்கிக் குமாஸ்தா. மடையன் என்று பேர் வாங்கியவர். ஆனால் விஷயம் அதுவல்ல.

1841இல் போ உருவாக்கிய துய்ப்பானும், 1887இல் வந்த ஹோம்ஸும் வாசகனைவிட ஒரு படி மேலே நிற்பவர்கள். 1908இல் 'ராஜாம்பாள்' எழுதிய ஜே. ஆர். ரங்கராஜு முதல் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூரார் வரை நம்மவர்கள் இறக்குமதி செய்ததும் இந்தப் படியைத்தான். 1940களில் ஆனந்த விகடனில் சாம்புவை எழுதிய தேவன் அதைத் தலைகீழாகப் போட்டார். கதையில் எல்லாரையும்விடக் குறைவாக அறிந்தவர் துப்பறிகிறவரே. தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான்.

இவருடைய பூர்வீகம் பேக்கர் தெரு அல்ல. கதாசரித்சாகரத்து ஹரிசர்மன் போலி ஜோசியன். மாட்டிக்கொண்ட பயத்தில் தன் நாக்கை, 'ஜிஹ்வா'வை, வைகிறான். அரண்மனையில் திருடிய வேலைக்காரியின் பெயரும் ஜிஹ்வா. ஒட்டுக்கேட்டவள் ஓடிவந்து காலில் விழுகிறாள். குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துப் பெரியவனாகிற மடையன் நம் பாட்டிமார்களுக்கும் பழக்கப்பட்டவன்தான். வேர், மரபு என்று பக்கம் பக்கமாக எழுதுகிற நாம் விகடன் அட்டையைக் கண்டதும் அந்த வேரை மறந்துவிடுகிறோம்.

என்னை அதிகம் சிரிக்கவைப்பவர் சாம்பு கூட அல்ல, இன்ஸ்பெக்டர் கோபாலன். சாம்பு திருதிருவென்று விழிப்பார். ஆழ்ந்த யோசனை என்பார் கோபாலன். சாம்பு உளறுவார்; அதில் துப்பு இருக்கிறது என்பார். ஒரு மனிதனின் திகைப்பை மேதைமையாக மாற்றுகிற வேலை முழுவதும் அவருடையது. புரியாத நான்கு வரிக் கவிதைக்கு எட்டுப் பக்கம் 'இருண்மை' விளக்கம் எழுதிய நண்பர்கள் கோபாலனை இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடத்தலாம்.

தேவனிடம் குறை இல்லாமல் இல்லை. கதையின் யந்திரம் ஒன்றே. தொகுப்பாக ஒரே மூச்சில் படித்தால் பத்தாவது கதையில் கொட்டாவி வரும். பத்திரிகையில் இடைவெளி விட்டுப் படிக்க எழுதியவை அவை. மனைவி வேம்புவுக்குக் கணவனைப் பார்த்துப் பூரிப்பதைத் தாண்டி அதிக வேலை கொடுக்கவில்லை. விபத்து நடக்க வேண்டிய இடத்துக்குச் சாம்புவைத் தள்ளிக்கொண்டுபோகும் கையும் சில கதைகளில் தெரிந்துவிடுகிறது. இப்படி ஏதாவது சொல்லி அவரைத் திட்டியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நம்மில் திட்டுகிறவர்கள் புத்தகத்தையே திறக்கவில்லை; சான்றிதழ் கொடுத்தவர்கள் திறந்ததை மறைக்கிறார்கள்.